மாமாவின் தலைவலியும் தோட்டத்து மண்ணும்

மாமாவுக்கு மூளையில் சீழ் கட்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் அதைப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொண்டார்கள். மீதிப்பேர், யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்றார்கள். கிருமி என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. கிருமி என்றால் எங்களுக்கு இருமல், வயிற்றுப்போக்கு, ஆறாத புண், அவ்வளவுதான். அது மூளை வரைக்கும் போகும், அதுவும் தினமும் மிதிக்கிற மண்ணிலிருந்தே கிளம்பிப் போகும் என்பது மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் புதுச் செய்தி.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மருந்துகளின் பெயர் எனக்குப் பழக்கம், மெலியோய்டோசிஸ் என்ற இந்த நோய் பழக்கமில்லை. தாய்மாமாவோடு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்ததையும், டாக்டர்களை நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் காய்ச்சல், தலைவலி என்று பனடோல் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

மாமா செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, பல வருஷமாக உண்டு. கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரையை வாங்கி வைப்பார், ஞாபகம் வந்தால் போடுவார். தீபாவளிக்கு முந்தி மழை கொட்டித் தீர்த்த நாட்களில் பழம் வெட்டும் வேலை குறைந்துபோய், மேற்பார்வை பார்க்கிற மண்டோர் அவரை வடிகால் தூர் வாரப் போட்டிருந்தார். பூட்ஸ் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. குதிகாலில் வெடிப்பு. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கால் மரத்திருப்பதால் வெடிப்பு வலிக்காது, வலிக்காததால் யாரும் பார்ப்பதும் இல்லை.

முதலில் காய்ச்சல் வந்தது. பிறகு பின்மண்டையில் வலி. ஒரு கிளினிக்கில் டெங்கி டெஸ்ட் எடுத்து, இல்லை என்று சொல்லி, காய்ச்சல் மாத்திரையும் ஓர் ஆண்டிபயாட்டிக்கும் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்துக் காய்ச்சல் என்றால் இங்கே டெங்கி, எலி மூத்திரக் காய்ச்சல், சாதா வைரஸ் என்றுதான் எல்லாருக்கும் புத்தி போகும். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. தலைவலி மட்டும் இறங்கவே இல்லை.

அத்தைதான் முதலில் கவனித்தார். மாமா வீட்டுக்குள் வரும்போதெல்லாம் இடது கால் சிலிப்பர் வாசலுக்கு முன்னாலேயே கழன்று கிடந்தது. அவர் பாட்டுக்கு ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், சிலிப்பர் கழன்றதே தெரியாமல். அத்தை அதை எடுத்து வந்து காலருகில் போடுவார். அடுத்த தடவையும் அதே இடத்தில் கிடக்கும். ரெண்டாம் நாள் சாயங்காலம் எனக்கு ஃபோன் பண்ணி, “என்னடி, உங்க மாமா குடிக்காமலே குடிச்சவர் மாதிரி நடக்குறாரு” என்றார். அன்றிரவு மாமா என்றைக்கோ செத்துப்போன தன் அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, டிராக்டர் வந்துருச்சா என்று கேட்டிருக்கிறார்.

அதற்குமேல் வீட்டில் பேச்சு திசை மாறியது. காத்து கருப்பு என்று பெரியவர்கள் சொல்ல, மாரியம்மன் கோயில் பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் திருநீறு பூசிவிட்டு, நெற்றியில் கை வைத்த கையோடு, “நெருப்பாக் கொதிக்குது. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, அம்மாகிட்ட அப்புறம் பேசிக்கலாம்” என்றார். இந்த ஊரில் பூசாரி சொன்னால் எடுபடும். நான் சொல்லியிருந்தால் விடிந்த பிறகு பார்ப்போம் என்றிருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு தலைவலி ஆயிரம் காரணத்துக்கு வரும். ஆனால் காய்ச்சலோடு தலைவலி இருந்து, ஆள் பேச்சில் தடுமாறினால், அல்லது ஒரு கை ஒரு கால் சோர்ந்தால், அல்லது வலிப்பு வந்தால், அது மூளையின் பிரச்சினை. கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. கழுத்து விறைக்கவில்லையே, அப்படியானால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் தப்பு. ஹாலந்து நாட்டு டாக்டர்கள் 2004ல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்த பெரியவர்களில் காய்ச்சல், கழுத்து விறைப்பு, புத்தித் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் பாதிக்கும் குறைவு, 44 சதவீதம்தான். ஆனால் தலைவலியையும் சேர்த்து நாலில் ஏதாவது இரண்டு, 95 சதவீதம் பேருக்கு இருந்தது. இரண்டு இருந்தால் புறப்பட்டுவிட வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். மாமாவுக்கும் கழுத்து விறைப்பு அவ்வளவாக இல்லை.

எமர்ஜென்சியில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 22 மில்லிமோல், ரொம்ப அதிகம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். லேசான வீக்கம் மாதிரி இருக்கிறது, கட்டி என்று சொல்லும்படி எதுவும் இல்லை என்றார்கள். அத்தைக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் இந்த நோய் மூளையில் ஆரம்பிக்கும்போது சாதாரண ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும் என்று பின்னால் தெரிந்தது. “ஸ்கேன் நல்லா இருக்கு” என்று கேட்டவுடன் ஆளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால் இழுத்துக்கொண்டிருக்கும் வரை ஸ்கேன் நல்லாயிருப்பதில் அர்த்தம் இல்லை.

அடுத்து முதுகுத்தண்டில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்பது எங்கள் பக்கம் கல்லில் எழுதினதுபோல ஒரு நம்பிக்கை. யாரோ ஒரு சித்தப்பாவுக்கு அப்படி ஆனதாகக் கதையும் தயாராக இருக்கும். அத்தை கையெழுத்துப் போட மாட்டேன் என்று கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். ஒரு மெடிக்கல் அசிஸ்டென்ட், நம்ம பையன்தான், அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து தன் முதுகைத் திருப்பிக் காட்டினான். “அத்தை, தண்டுவடம் இடுப்புக்கு மேல இங்கயே முடிஞ்சிருது. நாங்க ஊசி வைக்கிறது இதுக்கும் கீழ. அங்க நரம்புகள் தண்ணியில மிதந்துகிட்டுதான் இருக்கும், ஊசி பட்டா விலகிக்கும்.” அவன் சொன்னது சரி. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகே முடிகிறது. ஊசி போடுவது மூன்றுக்கும் நாலுக்கும், அல்லது நாலுக்கும் ஐந்துக்கும் இடையில். மூளையில் பெரிய கட்டி இருந்து அழுத்தம் ஏறியிருந்தால்தான் இது ஆபத்து. ஆள் தெளிவில்லாமல் இருந்தால், கை கால் சோர்ந்திருந்தால், முதலில் ஸ்கேன் எடுப்பது அதனால்தான்.

மாமாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, தலையைக் குனியவைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மருந்து தடவி, மரக்க ஊசி போட்டு, பிறகுதான் மெல்லிய நீள ஊசி. தண்ணீர் பீறிட்டு வரவில்லை. சொட்டுச் சொட்டாக வந்தது. ஒவ்வொரு சின்னக் குப்பியாக மாற்றி மாற்றிப் பிடித்தார்கள், ஒன்று கிருமி வளர்க்க, ஒன்று அணுக்களை எண்ண, ஒன்று சர்க்கரையும் புரதமும் பார்க்க. அதே நேரத்தில் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று நான் கேட்டேன். தண்டுவடத் தண்ணீரில் இருக்கும் சர்க்கரையை ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டுமாம். சாதாரணமாக அது ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். மாமாவுக்குத் தண்ணீரில் 7 என்று வந்தது. தனியாகப் பார்த்தால் நிறைய என்று தோன்றும். ரத்தத்தில் அந்த நேரம் 20. அப்படியானால் அது குறைவு. இனிப்பு நீர்க்காரர் வீட்டில் இந்த ஒரு கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முடிவு வந்தபோது டாக்டர்களுக்கே குழப்பம். நிமோகாக்கஸ் மாதிரியான கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலில் தண்ணீர் கலங்கியே இருக்கும், நியூட்ரோபில் என்கிற அணுக்கள் மண்டும். மாமாவுக்கு வந்தது வேறு. அணுக்கள் கூடித்தான் இருந்தன, ஆனால் பெரும்பாலும் லிம்போசைட் என்கிற வேறு வகை. புரதம் ஏறியிருந்தது. இது காசநோய் மூளைக்குப் போனாலும் இப்படித்தான் இருக்கும். காசநோய்க்கும் பரிசோதனை போனது. அதுவரை மூளைக்காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கிற செஃப்டிரியாக்சோன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ராத்திரி மாமாவுக்கு வலிப்பு வந்தது.

வழி காட்டியது ஒரு சின்ன வயது லேடி டாக்டர் கேட்ட கேள்வி. மலாய்க்காரப் பெண். காலைச் சுற்றில் வந்து, ஃபைலைப் பார்க்காமல் மாமாவின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். குதிகால் வெடிப்பைக் காட்டி, “பாக்சிக் (பெரியவர்) என்ன வேலை செய்கிறார்? மழையில் சேற்றில் நின்றாரா?” என்று கேட்டார். எமர்ஜென்சியில் பதிவு செய்தபோது வேலை என்ற இடத்தில் “தோட்டம்” என்று ஒற்றைச் சொல் எழுதியிருந்தது. ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கிராணியும் தோட்டம்தான், சேற்றில் நிற்கிறவரும் தோட்டம்தான். அத்தை வடிகால் வேலையைச் சொன்னதும் அவர் நேராக ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் செய்தார். ரத்தத்தை வைத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் குப்பியில் ஏதோ வளர ஆரம்பித்திருந்தது. மெலியோய்டோசிஸ் சந்தேகம் என்று சொல்லி அந்தக் குப்பியைத் தனிக் கவனத்தோடு பார்க்கச் சொன்னார்.

அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலை. மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கும். மழைக்காலத்தில் மேலே வரும். தோல் வெடிப்பு வழியாகப் போகும், மழைக் காற்றோடு மூச்சில் போகும், சுத்தமில்லாத தண்ணீரோடு வயிற்றிலும் போகும். நல்ல உடம்புக்காரர்கள் பலருக்கு ஒன்றும் செய்யாது. இனிப்பு நீர் இருந்தால் பிடித்துக்கொள்ளும், சிறுநீரகக் கோளாறும் மிதமிஞ்சின குடியும் அதற்கு அடுத்தபடி. பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டும். மூளைக்குப் போவது நூற்றில் ஒரு சிலருக்குத்தான், ஆனால் போனால் லேசில் விடாது.

இது வெளியூரிலிருந்து வந்த புது நோயும் இல்லை. 1911ல் ரங்கூன் பெரிய ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்தபோது இதை முதலில் பிரித்துக் கண்டவர்கள் இருவர், விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும். அந்தக் காலத்தில் நம் ஆள் ஒருவர் பெயர் அதில் இருக்கிறது என்று படித்தபோது ஒரு சந்தோஷம். அதன்பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டாண்டனும் ஃப்ளெச்சரும் ஆராய்ந்து 1921ல் இந்நோய்க்கு இப்போதைய பெயரை வைத்தார்கள். ஆக, நூறு வருஷத்துக்கு மேல் நம் நாட்டில் தெரிந்த நோய். 2010ல் பகாங் லுபோக் யூ காட்டில் மூழ்கியவரைத் தேடத் தண்ணீரில் இறங்கினவர்களுக்கு இது வந்து, பலர் செத்துப்போனது பத்திரிகையில் வந்த செய்தி. தோட்டத்தில் மட்டும் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பூட்ஸ் கிழிந்தால் மாற்றிக் கேட்கலாம் என்பதையே பேசுவதில்லை.

ரத்தக் கல்ச்சர் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கிருமியை உறுதி செய்வது வளர்த்துப் பார்த்துத்தான். அதுவும் எப்போதும் வளராது. உண்மையிலேயே நோய் உள்ளவர்களில் கல்ச்சர் பிடிப்பது பத்தில் ஆறு பேருக்குத்தான் என்று கணக்கு. அதனால்தான் சந்தேகம் வந்தால் ரத்தத்தோடு நிறுத்தாமல் சிறுநீர், சளி, தொண்டை, ஆசனவாய், சீழ் என்று எல்லா இடத்திலிருந்தும் எடுப்பார்கள். பழக்கமில்லாத ஆய்வுக்கூடத்தில் இதை வேறு கிருமி என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ ஒதுக்கிவிடவும் கூடும். இன்ன நோய் சந்தேகம் என்று டாக்டர் எழுதி அனுப்பினால், கிருமியைப் பிரித்தெடுக்கத் தனித் தட்டு போட்டு, அவசரப்படாமல் வைத்திருந்து பார்ப்பார்கள். ஆண்டிபயாட்டிக் போடும் முன்னே ரத்தம் எடுப்பது ஐந்து நிமிஷ வேலை, அதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். அதற்காக மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லக் கூடாது, அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. முன்னால் கிளினிக்கில் ஏதாவது ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். அட்டையைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோவது உத்தமம். “வெள்ளையா ஒரு பெரிய மாத்திரை” என்று என் கடைக்கு வந்து சொல்கிறவர்கள் உண்டு. வெள்ளையாகப் பெரிய மாத்திரை என்னிடம் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது.

சந்தேகம் வந்த அன்றே மருந்தை மாற்றிவிட்டார்கள். ஆய்வுக்கூட முடிவு உறுதியாக வரும்வரை காத்திருக்கவில்லை. செஃப்டிரியாக்சோன் இந்தக் கிருமிக்கு நம்பக்கூடிய மருந்தில்லை. செஃப்டாசிடிம் என்ற அதன் பங்காளிதான் ஆளைக் காப்பாற்றும். தாய்லாந்தில் நடந்து 1989ல் வெளியான ஆய்வில் அது பழைய மருந்தோடு ஒப்பிடும்போது சாவைப் பாதியாகக் குறைத்தது. மூளைக்கு என்றால் அதைவிட மெரோபெனெமை விரும்புகிறார்கள், அதுவும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அளவில், 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 கிராம். கூடவே பாக்ட்ரிம் என்ற சல்ஃபா மருந்து.

இங்கே வார்டு மருந்தாளர் ஒருவர் செய்த காரியம் எனக்கு மறக்காது. வலிப்புக்கு மாமாவுக்கு எப்பிலிம் ஓடிக்கொண்டிருந்தது. மெரோபெனெம் போகும்போது எப்பிலிமின் அளவு ரத்தத்தில் சட்டென்று விழுந்துவிடும், மாத்திரையைக் கூட்டினாலும் ஏறாது. அவர் சீட்டைப் பார்த்த உடனே டாக்டரிடம் சொல்லி, கெப்ரா என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றவைத்தார். மருந்துக்கடையில் இத்தனை வருஷம் நின்ற எனக்கே அது தெரியாது, ஏனென்றால் மெரோபெனெம் எங்கள் கடை வாசற்படியே ஏறாத மருந்து. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது பெரிய கிருமித் தொற்றுக்கு வார்டில் படுத்தால், என்ன மாத்திரை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் வலது பக்க மூளையில் சின்னச் சின்னதாகச் சீழ்ப்பொட்டுகள், ஒன்று மட்டும் பெரியது. பினாங்குக்கு அனுப்பினார்கள். மண்டையில் சின்ன ஓட்டை போட்டு, ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். அந்தச் சீழிலும் அதே கிருமி. அறுவை என்றதும் நாங்கள் நினைத்தது மண்டையைப் பிளப்பதை. வந்து பார்த்தால் தையல் கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

அதற்கப்புறம்தான் நிஜமான வேலை. மூளையில் இந்த நோய் இருந்தால் ஊசி மருந்து குறைந்தது 8 வாரம் போக வேண்டும், அதன்பின் மாத்திரை 6 மாதம். ஆஸ்திரேலியாவில் டார்வின் நகர டாக்டர்கள் வகுத்த வழிகாட்டி இது, மற்ற நாடுகளிலும் இதை ஒட்டித்தான் செய்கிறார்கள். மெனிஞ்சோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் என்றால் ஒரு வாரத்தில் ஊசி முடியும், நிமோகாக்கஸ் என்றால் பத்துப் பதினாலு நாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வீட்டுக்குப் போவார், நம்மவர் படுத்தே இருப்பார். மூன்றாவது வாரத்தில் மாமா தெளிந்துவிட்டார், சாப்பிட்டார், சண்டை போட்டார், “நல்லாத்தானே இருக்கேன் தாயி, கையெழுத்துப் போட்டு வெளிய எடு” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரங்களில்தான் குடும்பம் உறுதியாக நிற்க வேண்டும். கையில் போட்ட ஊசி நாலு நாளுக்கு ஒருமுறை வீங்கிப்போகும், அதனால் மேற்கை ரத்தக்குழாய் வழியாக உள்ளே போகிற நீளக் குழாய் ஒன்றைப் போட்டார்கள். குளிக்கும்போது அதைப் பிளாஸ்டிக்கால் சுற்ற வேண்டும். மருந்து போக ஒவ்வொரு தடவையும் நேரம் பிடிக்கும். விடிகாலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. மதிய மருந்து தாமதமானால் அத்தை மிஸியை, அதாவது நர்ஸை, தேடிப் போய்விடுவார். மலாய் அரைகுறைதான், ஆனால் “உபாட் பெலும் மாசுக்”, மருந்து இன்னும் ஏறவில்லை என்பது, மட்டும் பிசகில்லாமல் வரும்.

வேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாமா எழுந்து ஓடப் பார்த்ததற்குப் பாதிக் காரணம் சம்பளம். வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வருஷத்துக்கு 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023லிருந்து அது சாதாரண நோய் விடுப்போடு சேராமல் தனிக் கணக்கு. 8 வாரம் என்றால் 56 நாள். வார்டில் கொடுக்கிற நோய் விடுப்புச் சான்றிதழான எம்.சி.யை அன்றன்றைக்கு வாங்கித் தோட்ட ஆபீசில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோனால் காணாமல் போயிற்று என்பார்கள். தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவுக்கும் அந்த நகல்கள்தான் உதவும்.

நாங்கள் இருக்கிற தாமானில், அதாவது குடியிருப்பில், பேச்சு வேறு மாதிரி போயிற்று. தொற்றிக்கொள்ளும் என்று சொல்லி எதிர்வீட்டுப் பிள்ளைகளை அந்தப் பக்கம் வராமல் நிறுத்தினார்கள். மெலியோய்டோசிஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவது அரிதிலும் அரிது. மெனிஞ்சோகாக்கஸ் என்றால் கதை வேறு, கூட இருந்தவர்களுக்கு உடனே தடுப்பு மருந்து கொடுப்பார்கள். மூளைக்காய்ச்சல் என்று பொதுவாகச் சொன்னால் ஊர் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கட்டும். எந்தக் கிருமி என்று கேட்டு, அந்தப் பெயரையே சொல்வது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு பாக்ட்ரிம். மலிவு மாத்திரை, பழைய மாத்திரை, அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. இந்த நோய் திரும்பி வருவதற்கு முதல் காரணம் இந்த ஆறு மாதத்தை ஒழுங்காக முடிக்காததுதான். ஆனால் சும்மா விழுங்கிவிட்டுப் போகிற மருந்தும் இல்லை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உடம்பில் தடிப்பு வந்தால், வாயில் புண் வந்தால், உடனே போக வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியத்தையும் சிறுநீரகத்தையும் அணுக்களையும் அடிக்கடி பார்க்க வேண்டும். மாமா ரத்த அழுத்தத்துக்குப் பெரின்டோப்ரில் சாப்பிடுகிறவர், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும், இதுவும் ஏற்றும். ஒருமுறை ஏறிப்போய் அழுத்த மாத்திரையை மாற்றினார்கள். பழைய சர்க்கரை மாத்திரையான கிளிக்லசைடு வீட்டில் மிச்சம் இருந்தது, இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு அதைச் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது என்று அதை நான் எடுத்து வந்துவிட்டேன். பாக்ட்ரிம் அந்த வகை மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டிச் சர்க்கரையைக் கீழே தள்ளக்கூடியது.

சர்க்கரையைப் பிடிக்காமல் இந்த நோயைப் பிடிக்க முடியாது. மருந்துக்கு மாமாவை மிரட்ட முடிந்தது, சாப்பாட்டுக்கு முடியவில்லை. வார்டில் இருந்தவரை கொடுத்ததைச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் கோப்பிக்கடையில் பால் டின் ஊற்றின தே தாரிக். அத்தை கடைக்காரரிடமே போய், “அவருக்கு பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் தவிர வேற எது குடுத்தாலும் நான் இங்க வந்து உக்காந்துக்குவேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். அது எந்த டாக்டர் அறிவுரையைவிடவும் வேலை செய்தது.

இடது கால் முழுசாகத் திரும்பவில்லை. பாதம் கொஞ்சம் தொங்குகிறது, அதற்கு ஒரு பட்டை போட்டிருக்கிறார். உடற்பயிற்சிக்காரப் பெண் முதல் மாதம் சொல்லிக்கொடுத்ததை விடாமல் செய்ததால் தடி இல்லாமல் நடக்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வலிப்பு வந்தவர் என்பதால். அதுதான் அவருக்கு நோயைவிடப் பெரிய வருத்தம். கோபம் முன்பைவிட அதிகம். மூளையின் அந்தப் பகுதி அடிபட்டால் குணமும் கொஞ்சம் மாறும் என்று எங்களுக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அத்தை அத்தனை நாள் அழுதிருக்க மாட்டார். வடிகால் வேலைக்கு இனிமேல் அவர் போவதில்லை, தோட்டத்தில் காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். பூட்ஸ் புதுசாகக் கொடுத்தார்கள், அவருக்கு மட்டும். அதே வடிகாலில் இப்போது நிற்கிற வங்காளதேசப் பையன் சிலிப்பரோடுதான் நிற்கிறான்.

மாத்திரை முடிந்தாலும் இந்தக் கிருமி வருஷங்கள் கழித்துக்கூடத் தலைதூக்கலாம். அதனால் இனி எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும், யாரிடம் போனாலும், முதல் வாக்கியமாக மெலியோய்டோசிஸ் வந்தவர் என்று சொல்ல வேண்டும். மாமாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தை நகல் எடுத்து, சின்னதாக்கி, பிளாஸ்டிக் ஒட்டி, அவர் பர்சில் ஐ.சி. என்ற அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மேலே மலாயில் மூன்று வரி சேர்த்தேன், என்ன நோய், எந்த மருந்து கேட்டது, எந்த மருந்து கூடாது என்று. இன்னொரு நகல் அத்தையின் கைப்பையில். போன மாதம் சளிக்காய்ச்சலுக்கு கிளினிக்குக்குப் போனபோது மாமா ஒன்றும் பேசாமல் அந்த அட்டையை டாக்டர் மேசையில் வைத்திருக்கிறார். டாக்டர் படித்துவிட்டு, மருந்து எழுதுமுன் ரத்தம் எடுக்க அனுப்பியிருக்கிறார். ஒன்றும் வளரவில்லை.